அம்மா, மகள், நடுவில் ஒரு ஃப்ரீசர்: சிரிப்பு ஏன் பாதியில் நின்றது?

கேள்வி: மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டப் பட்டணம் எங்களுடையது. நண்பர்கள் சேர்ந்து 1 மணி 52 நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். அப்பா செத்ததை வெளியே சொல்லாமல் அம்மாவும் மகளும் அவரை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அவருடைய சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷனை மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கறுப்பு நகைச்சுவை. பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) ஊர் மக்களுக்குப் போட்டுக் காட்டினோம். முதல் அரை மணி நேரம் நல்ல சிரிப்பு. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "ஏமாத்திட்டீங்கப்பா" என்பதுதான் எல்லார் வாயிலும். இன்னும் மூன்று நாள் படம் பிடிக்கக் காசு இருக்கிறது. படத்தைக் காப்பாற்ற முடியுமா? எங்கே தப்பு?

பதில்:

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காப்பாற்றலாம். அம்மாவாக நடித்தவரையும் மகளாக நடித்தவரையும் யாரும் குறை சொல்ல முடியாது. அவர்கள் இருவரும்தான் படத்தின் சொத்து. ஒளிப்பதிவும் மோசமில்லை. கோளாறு அடித்தளத்தில் இருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே கதையில் இல்லை. அது தெரிந்த நிமிடத்தில் உங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

படத்தின் 31ஆவது நிமிடத்தில் மகள் சொல்கிறாள்: "அப்பா போயிட்டாருன்னு தெரிஞ்சா பென்ஷன் நின்னுடும்மா." சிரிப்பு நின்ற இடமும் இதுதான் என்று பந்தயம் கட்டுவேன். அப்பா வாங்குவது சொக்சோவின் இயலாமை பென்ஷன். அதை வாங்கிக்கொண்டிருப்பவர் இறந்துபோனால் பணம் நிற்பதில்லை, வாரிசு பென்ஷனாக மாறுகிறது. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு. மணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. இ.பி.எஃப். என்ற சேமநிதிப் பணமும் அப்படித்தான், யார் பெயரை எழுதி வைத்தாரோ அவருக்குப் போகும். பாலாய் ராயாவில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் சொக்சோ கவுண்டரில் நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்கள், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அந்த வாரிசு பென்ஷன் பாரத்தை (படிவத்தை) பூர்த்தி செய்தவர்கள். "அந்தம்மாவுக்கே பென்ஷன் வருமே, எதுக்கு இந்தக் கூத்து?" என்று ஒருவர் பக்கத்து நாற்காலியிடம் கேட்டிருந்தாலே போதும். அதற்குப் பிறகு ஃப்ரீசரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது கஷ்டத்தில் மாட்டிய இரண்டு பெண்கள் இல்லை. காரணமில்லாமல் ஒரு மனிதனை ஐஸில் போட்ட இரண்டு பெண்கள். அதற்கு யாருக்குச் சிரிப்பு வரும்?

கறுப்பு நகைச்சுவையில் ஆட்கள் எவ்வளவு கோணலாக வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் அவர்களை அங்கே தள்ளிய காரணம் நேராக இருக்க வேண்டும். 2018இல் வந்த 'கோலமாவு கோகிலா'வில் அம்மாவுக்குப் புற்றுநோய், வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்பது தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டுவிடுகிறது. அதற்கப்புறம் அந்தக் குடும்பம் போதைப்பொருளைச் சுமந்துகொண்டு எங்கே போனாலும் நாம் கூடவே போகிறோம். உங்கள் படத்தில் அந்த ஊன்றுகோல் உளுத்துப்போனது.

என்ன மாற்றலாம்? பென்ஷனை விட்டுவிட்டு வீட்டைப் பிடியுங்கள். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். இதை உங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பாவைப் பென்ஷன்காரராக வைக்காமல், கம்பெனிப் பேரேட்டில் பெயருள்ள, முதுகு அடிபட்டு எம்.சி.யில் (மருத்துவ விடுப்பில்) படுத்திருக்கும் செம்பனைக் குலை வெட்டுக்காரராக மாற்றுங்கள். அம்மா குத்தகையாளிடம் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். பேரேட்டில் அவருக்குப் பெயர் இல்லை. தோட்டத்தை விற்றுத் தாமான் (குடியிருப்பு) கட்டப் போகிறார்கள். "வெள்ளிக்கிழமை பேரேட்டில் இருக்கும் தொழிலாளி கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் மாற்று வீடு" என்று ஒரு கடிதம் வருகிறது. அப்பா சாவது திங்கட்கிழமை விடிகாலை. அவ்வளவுதான். பொய்க்கு ஒரு காரணம் கிடைத்தது, ஒரு கெடுவும் கிடைத்தது. இப்போதுள்ள படத்தில் பொய் மாதக்கணக்கில் நீள்கிறது, எதற்கும் அவசரமே இல்லை. ஐந்து நாள் என்று சுருக்கிவிட்டால் ஒவ்வொரு கதவு தட்டலுக்கும் கனம் வந்துவிடும்.

இதற்கு முழுப் படத்தையும் திருப்பி எடுக்க வேண்டியதில்லை. பென்ஷன் என்ற பேச்சு நான்கு இடங்களில்தான் வருகிறது. இரண்டு இடங்களில் பேசுகிறவரின் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. குரலை மட்டும் மாற்றிப் பதியலாம். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நடக்கும் காட்சியை அப்படியே தூக்கிவிடுங்கள், இழப்பில்லை. நான்காவது, அந்த 31ஆவது நிமிடக் காட்சி. அதை மட்டும் புதிதாக எடுக்க வேண்டும்: மேசையில் கம்பெனிக் கடிதம், மலாயில். மகள் வாசித்துச் சொல்லச் சொல்ல, அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்கட்டும்.

அடுத்த பெரிய கோளாறு, அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒன்றுமே நடக்காதது. அப்பா விழுந்த மூன்றாவது நிமிடத்தில் இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், கடைசிவரை ஒரே கட்சி. ஒரே கட்சியில் இருக்கும் இருவரை வைத்து ஒன்றரை மணி நேரம் ஓட்ட முடியாது. 2022இல் வந்த 'டார்லிங்ஸ்' என்ற இந்திப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற புருஷன் திருந்துவான் என்று மகள் நம்பிக்கொண்டிருப்பாள், அவனை ஒழித்துக்கட்ட அம்மா எப்போதோ தயார். இருவரும் ஒரே சமையலறையில் நின்றாலும் நினைப்பு வேறு வேறு. சிரிப்பும் பயமும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

உங்கள் மகள் பாத்திரத்துக்கு ஏற்கெனவே ஒரு சூட்கேஸ் இருக்கிறது. பினாங்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததாக 9ஆவது நிமிடத்தில் சொல்லிவிட்டு நீங்களே மறந்துவிட்டீர்கள். அதை எடுத்துப் பயன்படுத்துங்கள். அம்மாவுக்கு வீடு வேண்டும். மகளுக்கு அப்பாவை ஒழுங்காக எடுத்துப் போட்டுவிட்டு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும், அந்த வீடே வேண்டாம். ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே வெளியில் ஊரை ஏமாற்றுகிற இருவரும் உள்ளே ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள். மகள் யாருக்கும் தெரியாமல் ஃப்ரீசரின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது, அம்மா திரும்பச் செருகுவது என்று ஒரே ஒரு செயலை வைத்தே மூன்று காட்சி ஓட்டலாம். வசனமே வேண்டாம்.

சமையலறைக் காட்சிகளில் உங்கள் அம்மா நடிகைக்கு இருக்கும் நிதானம் அருமை. அதை நீங்களே வெட்டிக் கெடுத்திருக்கிறீர்கள். இரண்டு நிமிடக் காட்சியில் நாற்பதுக்கு மேல் வெட்டு: முகம், முகம், ஃப்ரீசர், முகம். கேமராவை ஓர் இடத்தில் நிறுத்துங்கள். 35 மி.மீ. லென்ஸ், இடுப்பு உயரம், அம்மா இடப்பக்கம், மகள் வலப்பக்கம், நடுவில் ஃப்ரீசர். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் பேச வேண்டும். இப்படி:

"சோறு போடவா?"

"அப்பா உள்ள இருக்காரும்மா."

"கோழி அந்தப் பக்கம் இருக்கு. தனிப் பையில."

"எனக்கு வேணாம்."

"காலையிலயும் பசியாறல நீ. சாடின் டின் தெறக்கவா?"

இதில் எந்த வரியும் தனியாக நகைச்சுவை இல்லை. அம்மா சாதாரண அம்மாவாகவே இருக்கிறார், அதுதான் சிரிப்பு. "தனிப் பையில" என்றதும் யார் முகத்துக்கும் போகாதீர்கள். மகள் எச்சில் விழுங்குவது அதே அகலமான சட்டத்தில் தெரியும். வெங்காயம் உரியும் சத்தம் மட்டும் ஒன்றரை வினாடி ஓடட்டும். பார்க்கிறவர்கள் சிரிக்க அந்த இடம் வேண்டும். நீங்கள் சிரிப்பு வரும் இடத்திலெல்லாம் "டொய்ங்" என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இசையமைப்பாளர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பிணம் பற்றிய விவரங்களில் கவனம் போதவில்லை. அப்பா இரவில் விழுகிறார், மறுநாள் மதியம் ஃப்ரீசருக்குள் போகிறார். இறந்த 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும், சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்க விறைத்துவிடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். வீட்டு உபயோக 300 லிட்டர் ஃப்ரீசரின் உள்நீளம் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். விறைத்த ஐந்தரை அடி ஆள் அதற்குள் போகவே மாட்டார். உங்கள் படத்தில் மூடி விழுகிறது, அடுத்த வெட்டில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். ஒன்று, இறந்த ஒரு மணி நேரத்துக்குள் முழங்காலை மடக்கி உட்கார்த்தி வைத்துவிட வேண்டும். அதற்கு அம்மா உடனே முடிவெடுத்தாக வேண்டும், அதுவே அவரைப் பற்றி நமக்கு நிறையச் சொல்லிவிடும். இல்லையென்றால் மூடி மூடாமல் நிற்கட்டும். மேலே அரிசி மூட்டையை வைத்து அமுக்கி, அதன் மேல் பூப்போட்ட விரிப்பைப் போட்டு, அதன் மேல் பிள்ளையார் படத்தை வைக்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அப்பாவாக நடித்தவர் மூச்சு விடுவது மூன்று ஷாட்டில் தெரிகிறது. மார்புக்கு மேல் போர்வையை மடித்துப் போடுங்கள், ஷாட் ஆறு வினாடிக்கு மேல் வேண்டாம், மூச்சை வெளியே விட்டபின் "ஆக்‌ஷன்" சொல்லுங்கள். நிறைத்து வைத்துக்கொண்டு நடித்தால் கழுத்து நரம்பு துடிக்கும்.

பிறகு அந்த வீடு. பழைய லயத்து (தோட்டத்து வரிசை) வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. இருமினால் கேட்கும், தாளித்தால் மணக்கும். உங்கள் அம்மாவும் மகளும் அந்த வீட்டுக்குள் நின்று பிணத்தைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போடுகிறார்கள். இது பிழை மட்டுமில்லை, கைக்கு வந்த வாய்ப்பை விட்டதும்கூட. முழுச் சண்டையும் குசுகுசுப்பில் நடக்க வேண்டும். ஆத்திரம் ஏற ஏறக் குரல் தணிய வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டிலிருந்து, "அக்கா, அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கூரை இடுக்கு வழியாக ஒரு குரல் வரும். அம்மா உடனே இயல்பான குரலில், "பரவால்லடி, தூங்குறாரு" என்பார். அடுத்த நொடி திரும்பவும் குசுகுசுப்பு.

இப்போது, படத்தில் இல்லாத, ஆனால் இருந்தே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் வீட்டில் ஒரு சாவு. யாரும் வாய்விட்டு அழக் கூடாது. வாய்க்கட்டு இல்லை, கால் பெருவிரலைச் சேர்த்துக் கட்டவில்லை, நெற்றியில் காசு இல்லை, மேளம் இல்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணுக்குத் துக்கத்தை இறக்கி வைக்க இடமே இல்லை. நீங்கள் இதை வயலினை வைத்துச் சமாளிக்கப் பார்த்திருக்கிறீர்கள். வயலினை எடுத்துவிட்டு இன்னொரு சாவைக் கொண்டுவாருங்கள். புதன்கிழமை கடைசி வீட்டுப் பாட்டி இறந்துபோகிறார், தொண்ணூறு வயது, கல்யாணச் சாவு. அம்மா போய்த்தான் ஆக வேண்டும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மாவும் உட்காருகிறார். முதல் இரண்டு வரி கிழவிக்குத்தான். மூன்றாவது வரியில் குரல் உடைகிறது:

"பொட்டு வச்ச நெத்தியிது
பொழுதடைஞ்சு போயிருச்சே,
கட்டி வந்த கையிரண்டும்
கட்டையாகிப் போயிருச்சே..."

ஒப்பாரியில் தாய்க்கு ஒரு பாட்டு, பிள்ளைக்கு ஒரு பாட்டு, புருஷனுக்கு ஒரு பாட்டு. கேட்கிற பெண்களுக்கு உடனே தெரிந்துவிடும். பாட்டு நிற்கிறது. ஒரு முதியவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கேட்கிறாள்: "என்னடி இது, கெழவிக்குப் போயி புருஷன் பாட்டு பாடுற?" தூரத்தில் கோப்பித் தட்டோடு நிற்கும் மகளின் கை அப்படியே நிற்கிறது. அரங்கம் சிரிக்கும், சிரித்த கையோடு தொண்டை அடைக்கும். இந்தப் படம் முழுவதும் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு காட்சியைத்தான் என்பது என் கணிப்பு.

எடுக்கும் விதம்: ஒப்பாரி தெரிந்த ஓர் அம்மாவை ஊரிலேயே தேடிப் பிடியுங்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவரே பாட்டை நடத்தட்டும், வட்டத்தில் இருப்பவர்கள் ஊர்ப் பெண்களாகவே இருக்கட்டும். ஒத்திகை வேண்டாம், வரிசை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஆறு நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஒரு கேமரா வட்டத்துக்கு வெளியே தோள் உயரத்தில், இரண்டாவது மகளின் மேல் மட்டும். அம்மாவின் ரவிக்கையில் ஒரு குட்டி மைக், வட்டத்துக்கு மேலே ஒரு மைக். முதல் டேக்கே கடைசி டேக் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை யாரும் அப்படி அழ மாட்டார்கள்.

தூக்கி எறிய வேண்டியவை. குடிகாரர் வரும் ஒன்பது நிமிடம். அவர் நல்ல நடிகர், ஆனால் அவருக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. வங்காளதேசத் தொழிலாளியின் தமிழை நையாண்டி செய்யும் இரண்டு காட்சி. அது மட்டமான சிரிப்பு. அதே ஆளை வைத்து இன்னும் நல்லதாகச் செய்யலாம், முதல் நாளே எல்லாம் தெரிந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் ஐஸ் கட்டி வாங்கி வந்து தருகிறவராக. அம்மா தேநீரில் களைக்கொல்லி கலப்பது போன்ற அந்த விளையாட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பாராகுவாட் களைக்கொல்லி இந்த நாட்டில் 2020 ஜனவரியிலிருந்து தடை. அது இருந்த காலத்தில் தோட்டப்புறங்களில் எத்தனை வீடுகளில் அதனால் இழவு விழுந்தது என்பது அரங்கில் இருந்த பெரியவர்களுக்குத் தெரியும். அந்தக் காட்சியில் யாராவது எழுந்து வெளியே போயிருந்தால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சின்ன விஷயம் ஒன்று: 14ஆவது நிமிடத்தில் அம்மா உச்சி வெயிலில் ரப்பர் மரம் வெட்டுகிறார். பால்வெட்டு விடிகாலை வேலை, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். உதிரிப் பழம் பொறுக்குகிறவர் என்று மாற்றியபிறகு இந்தக் காட்சி எப்படியும் வேண்டாம்.

நீளக் கணக்கு. இப்போது 112 நிமிடம். அப்பா 19ஆவது நிமிடத்தில் விழுகிறார்; அதை 8ஆவது நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் 11 நிமிடம் மிச்சம். இளமைக் கால டூயட்டை வெட்டினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். குடிகாரர் 9, திரும்பத் திரும்ப வரும் உறவினர் வருகை 5, விமான நிலைய முடிவு 6. மொத்தம் 31 நிமிடம் போனால் 81. புதிதாக எடுப்பது ஏறக்குறைய 8 நிமிடம் வரும். 89 நிமிடப் படம். இடைவேளை விடாமல் போடுங்கள்.

ஒலியில் ஓர் எச்சரிக்கை. குசுகுசுப்பை உங்கள் கேமரா மைக்கில் பிடிக்க முடியாது, அளவைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். மைக் வாயிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டைக்குள் குட்டி மைக். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். அது இல்லாததால்தான் உங்கள் சமையலறையில் வெட்டுக்கு வெட்டு சத்தம் குதிக்கிறது. பிற்பகலுக்கு மேல் துத்தநாகக் கூரையில் மழை விழுந்தால் வேலை நின்றுவிடும், ஆகவே வசனக் காட்சிகள் எல்லாம் காலையில். ஃப்ரீசரின் மோட்டார் உறுமலையும் அது "டக்" என்று நிற்கும் சத்தத்தையும் தனியாகப் பதியுங்கள். படப்பிடிப்பின்போது ஃப்ரீசரை அணைத்துவிட்டு, உறுமலைப் பிறகு எடிட்டிங்கில் சேருங்கள். வயலின் செய்ய வேண்டிய வேலையை அந்த உறுமலே செய்யும்.

மலாய்த் துணையெழுத்தில் யாரும் கவனிக்காத ஒரு கேடு இருக்கிறது. "கோழி அந்தப் பக்கம் இருக்கு, தனிப் பையில" முழுவதையும் ஒரே தட்டில் (திரையில் ஒரே நேரத்தில் தோன்றும் எழுத்தாக) போட்டால், எழுத்தை வேகமாகப் படிக்கும் இளவட்டங்கள் அம்மா வாயைத் திறக்கும் முன்னே சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பில் வசனம் அமுங்கிப்போகும். சிரிப்பு வரும் வார்த்தையைத் தனித் தட்டாகப் பிரித்து, அவர் சொல்லும் அதே நொடியில் ஏற்றுங்கள். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

முடிவுக்கு வருவோம். இப்போது அம்மா காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுகிறார், மகள் கட்டிப்பிடிக்கிறாள், பிறகு விமானம். மேலே சொன்ன மாற்றத்தைச் செய்தால் இதற்கு இடமே இல்லை. வெள்ளிக்கிழமை கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) மைத்தட்டும் பாரமுமாக வருகிறார். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான். "காய்ச்சல், உள்ளதான் படுத்திருக்காரு, நானே வாங்கிட்டு வந்துடுறேன் ஐயா" என்று அம்மா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். அப்புறம் நீங்கள் முகத்தைக் காட்டக் கூடாது, கைகள் மட்டும். அப்பாவின் விரல்கள் மடங்கி இறுகியிருக்கின்றன. வெந்நீர்த் துணியைச் சுற்றுகிறார்கள். விரல் வியர்க்கிறது, ஈரத்தில் மை ஒட்டவில்லை. துடைக்கிறார்கள், பவுடர் போடுகிறார்கள், மை பவுடரோடு உருண்டு வருகிறது. ஒரு பாரம் கெட்டுப்போகிறது. வெளியே கிராணி கோப்பியை ஆற்றி ஆற்றிக் குடிக்கும் சத்தம். முழுதாக மூன்று நிமிடம் இப்படிப் போராடியபிறகு, அம்மா ஒன்றுமே பேசாமல் தன் கட்டைவிரலை மையில் தொட்டு இரண்டாவது பாரத்தில் அழுத்திவிடுகிறார். மகள் அவரைப் பார்க்கிறாள். திங்கட்கிழமையே இதைச் செய்திருக்கலாம் என்று இருவருக்கும் அப்போதுதான் உறைக்கிறது. கிராணி வாங்கிப் பார்க்கிறார், ரேகை சின்னதாக இருக்கிறது. ஃப்ரீசர் மேலிருக்கும் பிள்ளையாரைப் பார்க்கிறார். பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கோப்பி நல்லா இருந்துச்சும்மா" என்று எழுந்துவிடுகிறார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று படம் சொல்ல வேண்டாம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நீங்கள் கேட்கவே இல்லை. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் இல்லாத படத்தைப் பொதுவில் திரையிடக் கூடாது. பாலாய் ராயா, இலவசக் காட்சி என்பதெல்லாம் சாக்கு ஆகாது. 2013இல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஒரு மண்டபத்தில் காட்டியதற்காக, ஏற்பாடு செய்தவர்களில் ஒருவருக்கு 2017இல் 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தார்கள். அடுத்த காட்சிக்கு முன் படத்தை அனுப்பிச் சான்று வாங்கிவிடுங்கள். குழந்தைகளுக்கான படமாக இது வராது. அதற்காகக் காட்சிகளை முன்கூட்டியே மழுக்க வேண்டாம், வாரியம் சொல்வதைக் கேட்டுப் பிறகு வெட்டலாம்.

மூன்று நாளை இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் காலை கடிதக் காட்சியும் குசுகுசுப்புச் சண்டையும், மாலையில் ப்ளக் பிடுங்கும் துண்டுகள். இரண்டாம் நாள் முழுக்க ஒப்பாரிக்கு. காலை பத்து மணிக்குள் எடுத்து முடித்துவிட்டு, மீதி நேரத்தில் ஊர்ப் பெண்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள். மூன்றாம் நாள் கைநாட்டு. மை கலந்த கை ஷாட்டுகளுக்கு ஒரே மாதிரி பாரம் இருபதாவது அச்சடித்து வையுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் ஒன்று கெடும். அப்பாவின் கைக்கு வேறு ஆளைப் போட்டாலும் நிறமும் நகமும் ஒத்துப்போக வேண்டும். நேரம் மிஞ்சினால் மழையில் வரும் மின்வெட்டுக் காட்சியை நீட்டுங்கள். இப்போது அது 40 வினாடிதான் இருக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருவரும் உறுமல் நின்றுபோன ஃப்ரீசரைப் பார்த்தபடி தெனாகா மின்சாரக் கம்பெனிக்கு போன் அடிப்பதை முழுதாக இரண்டு நிமிடம் வைக்கலாம். அந்த மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கூரை மேல் ஒரு ரப்பர்க் குழாயும், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் ஊற்ற ஒரு பையனும் போதும்.